அழைத்தும் வராதவர்கள்

காத்திருப்போர் வரிசை ஒழுங்கு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் டாக்டர் இருக்கிறார், கட்டில் இருக்கிறது, கத்தி, கத்தரி எல்லாம் தயாராக இருக்கிறது. வெளியே நோயாளி இருக்கிறார். இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் எங்கே காரியம் நடந்து தொலைத்துவிடுமோ என்ற கவலையில் நடுவில் கட்டப்பட்டதுதான் வாரியம். ஆறு மாடி. லிஃப்ட் உண்டு. அதில் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டை ஐந்தாம் மாடியில் கொடுப்பார்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை வாரியத்தின் கம்ப்யூட்டர், ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களைப் போனில் வரிசையாக அழைக்கும். அழைக்கப்பட்டவருக்குக் கட்டில். அழைத்தும் வராதவர் அடுத்த மாத வரிசைக்குத் தள்ளப்படுவார். மூன்று தடவை அழைத்தும் வராதவரின் பெயர் கோப்பிலிருந்தே எடுக்கப்படும். கறாரான ஏற்பாடு. இதுவரை ஒருவரும் புகார் கொடுத்ததில்லை, ஏனென்றால் புகார் வாங்கும் கவுண்டர் பூட்டியே கிடந்தது.

மாதா மாதம் ஏறக்குறைய பாதிப் பேர் அழைத்தும் வருவதில்லை. வாரியத்துக்கு இதில் மிகுந்த மனவருத்தம். ‘அழைத்தால் வாருங்கள்!’ என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள். பொதுமக்களின் அலட்சியம் பற்றிக் கருத்தரங்கம் நடத்தினார்கள். வராதவர்கள் வீட்டுக்குக் கண்டிப்பான கடிதம் போனது: ‘தங்கள் பொறுப்பின்மையை வாரியம் வேதனையுடன் கவனிக்கிறது.’

அப்படி இரண்டு கடிதம் வாங்கியவள் தற்காலிகத்தின் அக்கா.

தற்காலிகம் என்பது வாரியத்தில் அவனுக்குப் பெயர். ஒப்பந்தத்தில் வந்த புரோகிராமர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைக் கேட்கும் அளவுக்கு அங்கே யாருக்கும் ஓய்வில்லை. “தற்காலிகம், பிரிண்டர்ல பேப்பர் மாட்டு.” “தற்காலிகம், இந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்து.” அவனும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டான்.

அக்காவுக்கு இதயத்தில் வால்வு ஒன்று சரியாக மூடுவதில்லை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லி வருஷம் ஓடிவிட்டது. மூன்று படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவாள். ராத்திரி படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவாள். முதல் கடிதம் வந்தபோது போனில் ஏதோ கோளாறு என்று நினைத்துப் புதுப் போன் வாங்கினார்கள். அழைப்பு வரும் மாதக் கடைசியில் மாமா, அக்காவின் கணவர், அந்தப் போனைக் குளியலறைக்குக்கூடக் கையில் பிடித்துக்கொண்டுதான் போவார். இரண்டாவது கடிதமும் வந்தது. அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையைப் போல அவன் முன்னால் பார்த்ததில்லை.

“நீங்க போனை சைலண்ட்ல போட்டிருப்பீங்க. ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?” என்றாள் அக்கா, நான்கு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு.

“நான் கண்ணே மூடலடி. ஒரு சத்தமும் வரல. சத்தியமா வரல.”

“அப்ப அவங்க பொய் சொல்றாங்களா? அத்தனை பெரிய ஆபீஸ்!”

தன் பெண்டாட்டியின் உயிரைத் தானே அலட்சியமாக விட்டுவிட்டோமோ என்று மாமாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாரியத்தின் கடிதத்துக்கு அவ்வளவு சக்தி.

இந்த நேரத்தில்தான் வாரியத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய நோடு லிஸ்டைப் புதியதில் மறுபடி எழுதும் வேலையைத் தற்காலிகத்திடம் கொடுத்தார்கள்.

நோடு லிஸ்ட் என்றதும் யாரும் பயந்துவிட வேண்டாம். வாரியத்தின் கோப்பு என்பது பெட்டிக்குள் பெட்டி. பெரிய பெட்டிக்குக் ‘காத்திருப்போர்’ என்று பெயர். உள்ளே ஆளுக்கொரு பெட்டி. ஒவ்வொருவர் பெட்டிக்குள்ளும் பெயர், வயது, நோய் என்று குட்டிக் குட்டிப் பெட்டிகள். இப்படி அடுக்கி வைப்பதற்குக் கம்ப்யூட்டர்காரர்கள் எக்ஸ்எம்எல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு நோடு. பெரிய பெட்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து கேட்க ஒரு ஜன்னல் வேண்டுமல்லவா? அதுதான் நோடு லிஸ்ட். அந்த ஜன்னலில் இரண்டே கேள்வி கேட்கலாம். மொத்தம் எத்தனை பேர்? இத்தனையாவது ஆள் யார்? வேறு எது கேட்டாலும் வாய் திறக்காது. வாரியத்தின் மற்ற ஜன்னல்களோடு ஒப்பிட்டால் இரண்டு பதில் அதிகம்.

வேலையைக் கொடுத்தவர் அழைப்புப் பிரிவின் கண்காணிப்பாளர். எல்லோரும் அவரை மேடம் என்பார்கள். விதிப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி வந்து அவன் மேஜையில் வைத்தார்.

“இதுல இருக்கறபடியே எழுதணும். ஒரு புள்ளி மாறக்கூடாது.”

அவன் புரட்டினான். “மேடம், மொத்தம் பத்துப் பேர்தான் இருக்கும்போது ஒருத்தர் நூறாவது ஆள் யாருன்னு கேட்டா?”

“என்ன போட்டிருக்கு?”

“தப்புன்னு சொல்லக்கூடாது, எச்சரிக்கையும் பண்ணக்கூடாது, பேசாம வெறுங்கையைக் காட்டணும்னு போட்டிருக்கு.”

மேடத்தின் முகம் மலர்ந்தது. “அருமை. கேட்டவங்களுக்கு ஒண்ணும் கொடுக்கல, நம்ம பேர்லயும் தப்பில்ல. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துலேயே நாங்க இதைத்தான் பண்ணிட்டிருந்தோம்.”

அடுத்த சிக்கல் பூஜ்யத்தில் வந்தது. நோடு லிஸ்டில் முதல் ஆளின் எண் ஒன்று அல்ல, பூஜ்யம். அது கம்ப்யூட்டர் உலக வழக்கம். ஒத்திகைக்காக வாரிய உறுப்பினர்களின் பெயர்களையே ஒரு கோப்பில் போட்டுத் தற்காலிகம் ஓட்டிக் காட்டியபோது, திரையில் தலைவர் பெயருக்குப் பக்கத்தில் பூஜ்யம் விழுந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பூஜ்யம் அப்படியே இருந்தது.

உடனே துணைக்குழு அமைத்தார்கள். துணைக்குழு பல வாரம் கூடி, பூஜ்யம் மரியாதைக் குறைவான எண் என்று ஒருமனதாகக் கண்டுபிடித்தது. தலைவர் எண் ஒன்றாக இருப்பார். பூஜ்யத்துக்கு ஒரு நாற்காலியும் தண்ணீர் தம்ளரும் ஒதுக்கிக் காலியாக வைப்பது என்று முடிவானது. அதன் பிறகு நடந்த எல்லாக் கூட்டத்திலும் தலைவருக்கு முன்னால் ஒரு காலி நாற்காலி இருந்தது. ஒரு புது உறுப்பினர் விவரம் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டார். அவரை மாற்றல் செய்துவிட்டார்கள். நல்லவேளையாக நோயாளிகளின் கோப்பில் பூஜ்யத்தை யாரும் தொடவில்லை. நோயாளியின் மரியாதை பற்றித் துணைக்குழுவுக்கு அக்கறை இல்லை.

ஜன்னலை எழுதி முடித்தான். அழைப்புப் பிரிவின் புரோகிராமோடு சேர்த்துப் பழைய மாதம் ஒன்றை ஓட்டிப் பார்த்தான். சரியாகப் பாதிப் பேர் அழைக்கப்படாமலே கிடந்தார்கள். ஒருவர் விட்டு ஒருவர்.

தன் தப்புதான் என்று நினைத்தான். தான் எழுதியதை வரிவரியாகப் பார்த்தான். பழைய ஜன்னலைத் தோண்டி எடுத்து ஓட்டினான். அதிலும் ஒருவர் விட்டு ஒருவர். மற்ற மாதங்களையும் ஓட்டி, வாரியம் ‘அழைத்தும் வராதவர்’ என்று முத்திரை குத்தியிருந்தவர்களின் பெயர்களோடு ஒப்பிட்டான். அத்தனையும் பொருந்தியது. அக்காவின் பெயர் இரண்டு தடவையும் இருந்தது.

யாரும் அவளை அழைக்கவே இல்லை. மாமாவின் போன் அடிக்கவே இல்லை.

அவனுக்கு எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. நின்றான். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்துகொண்டான். அடுத்த மாதக் கோப்பைத் திறந்தான். அக்கா இருந்த இடம் மறுபடியும் விட்டுப்போகும் இடம். இந்தத் தடவை விட்டுப்போனால் மூன்றாவது தடவை.

காரணம் கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. விதிப்படி அந்தப் பட்டியல் உயிருள்ளது. கோப்பில் ஒருவர் குறைந்தால் அந்த நொடியே பட்டியலும் ஒருவர் குறைந்து, பின்னால் இருப்பவர்கள் எல்லாம் ஓரிடம் முன்னால் நகர்வார்கள். அழைப்புப் பிரிவோ ஒவ்வொருவரையும் அழைத்த கையோடு கோப்பிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த எண்ணுக்குத் தாவுகிறது. நகர்ந்து வந்து நின்றவரை அது திரும்பிப் பார்ப்பதே இல்லை.

மேடத்துக்கு இதை வாயால் விளக்கிப் பார்த்தான். நடக்கவில்லை. வெளியே தாழ்வாரத்தில் பெஞ்சில் இருந்த ஐந்து கடைநிலை ஊழியர்களை வரிசையாக உட்காரச் சொன்னான்.

“கூப்பிடுங்க மேடம். முதல் ஆள்.”

“முதல் ஆள் வாங்க.” ஒருவர் எழுந்து போனார்.

“இப்ப எல்லாரும் ஓரிடம் தள்ளி உட்காருங்க. மேடம், அடுத்து?”

“ரெண்டாவது ஆள் வாங்க.” ஒருவர் எழுந்தார்.

“பாத்தீங்களா? இவரு மூணாவதா இருந்தவரு. ரெண்டாவதா இருந்தவரு நகர்ந்து முதல் இடத்துக்கு வந்துட்டாரு. இதோ இங்கேயே உக்காந்திருக்காரு. இவரை யாருமே கூப்பிடல.”

மேடம் பெஞ்சையே பார்த்தார். “நான் ரெண்டாவது ஆளைத்தானே கூப்பிட்டேன்?”

“ஆமா.”

“ரெண்டாவது இடத்துல இருந்தவர்தானே எழுந்தாரு?”

“ஆமா, ஆனா…”

“அப்புறம் என்ன தப்பு? முதல் இடத்துக்கு நகர்ந்து வந்தவரு, முதல் ஆளைக் கூப்பிடும்போது எங்க இருந்தாரு? ரெண்டாவது இடத்துல. ரெண்டாவது ஆளைக் கூப்பிடும்போது எங்க இருந்தாரு? முதல் இடத்துல. எப்பவும் கூப்பிடற இடத்துல இல்ல. இதுக்குப் பேருதான் தம்பி அலட்சியம்.”

பெஞ்சில் முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக அவரும் நம்பிவிட்டார்.

“மேடம், எங்க அக்கா அந்த வரிசையில இருக்கா. இந்தத் தடவையும் விட்டுப்போனா பேரை எடுத்துடுவாங்க. அவளால இப்பல்லாம் படுக்கக்கூட முடியல.”

மேடம் கல்நெஞ்சக்காரர் அல்ல. அவன் தோளைத் தட்டினார். “கவலைப்படாதே. சுவரொட்டி ஒண்ணு தர்றேன். அக்கா கண்ணுல படற மாதிரி வீட்டுல ஒட்டி வை.”

அவன் தலைவரிடமே போனான். கூட்டத்தில் பேச அனுமதி கிடைக்க அவன் யார் யார் காலைப் பிடித்தான் என்பதை இங்கே எழுதினால் படிப்பவர்களுக்கு அலுத்துவிடும். கடைசியில் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடி இரண்டு வழி சொன்னான். வரிசையைக் கடைசியிலிருந்து அழைத்து வந்தால் யாரும் விட்டுப்போக மாட்டார்கள். இல்லையென்றால் முதலில் பட்டியலை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து அழைக்கலாம், நகல் நகராது.

தலைவர் சாய்ந்து உட்கார்ந்து கண்களை மூடி முழுக்கக் கேட்டார். பிறகு பேசினார்.

“கடைசியிலேருந்து கூப்பிடறதா! வாரியத்தோட பேருலேயே வரிசையும் ஒழுங்கும் இருக்கு. தலைகீழா கூப்பிட்டா நாங்க எதுக்கு? சரி, நகலுக்கு வர்றேன். நகல் நகராதுங்கறான். அசையாது, மாறாது. அதுக்குப் பேரு பொணம். விதியில என்ன சொல்லியிருக்கு? பட்டியல் உயிரோட இருக்கணும். இந்த வாரியத்துல நான் சேர்ந்ததிலேருந்து எத்தனையோ நோயாளிங்க போயிட்டாங்க. அது இயற்கை. ஆனா பட்டியலோட உயிருக்கு ஒரு ஆபத்து வர நான் விட்டதில்ல. என் காலத்துல விடவும் மாட்டேன்.”

மேஜையைத் தட்டிப் பாராட்டினார்கள். யாரோ ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஐயா, அழைக்காமலே ‘அழைத்தும் வராதவர்’னு எழுதறோமே, அது…”

“அழைச்சோம்னுதான் கோப்பு சொல்லுது. கோப்பை நம்பறதா, உன்னை நம்பறதா? நீயே தற்காலிகம்.”

அன்று அவன் வீட்டுக்குப் போனபோது அக்காவின் கால் இரண்டும் வீங்கியிருந்தது. மாமா கீழே உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் வைத்து நீவிவிட்டுக்கொண்டிருந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காலைப் பிடித்துவிடுவது மட்டும் நிற்கவில்லை.

“மாமா மேல தப்பில்லக்கா. போன் வரவே இல்ல. அவங்க கூப்பிடவே இல்ல. நான் பாத்துட்டேன்.”

அக்கா அவனையே பார்த்தாள். பிறகு மாமாவின் தலையில் கையை வைத்தாள். மாமா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

“சரிடா,” என்றாள் அக்கா. “இப்ப கூப்பிடச் சொல்லு.”

அதைத்தான் செய்ய முடியவில்லை. அழைப்புப் பிரிவின் புரோகிராம் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதுபோலப் பூட்டிக் கிடந்தது. அதில் கை வைக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. ஜன்னலில் ஒரு எழுத்து மாற்றினால் விதிச் சோதனையில் பிடித்துவிடுவார்கள். கோப்பைத் திறந்து சேமிக்க மட்டும் அனுமதி இருந்தது. கோப்பையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பெயர்கள் எல்லாம் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஏதோ ஒரு காலத்துச் சிக்கன உத்தரவு, காலி வரிகளை எல்லாம் ஒழித்துக் கட்டியிருந்தது.

அப்போதுதான் பொறி தட்டியது. இரண்டு பெட்டிக்கு நடுவே என்டர் தட்டினால் ஒரு காலி வரி விழும். அந்தக் காலி வரியையும் ஜன்னல் ஒரு ஆளாகத்தான் எண்ணும். எக்ஸ்எம்எல் விதி அப்படி. புரோகிராம் எழுதக் கற்ற நாளில் அவனே அதற்காகத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறான். அக்காவுக்கு முன்னால் ஒரே ஒரு காலி வரி போட்டால் போதும். அவள் ஓரிடம் தள்ளிப்போய், அழைக்கப்படும் இடத்தில் நிற்பாள்.

விரல் பட்டன் மேல் போய்விட்டது. அக்காவுக்கு அடுத்த பெயர் கண்ணில் பட்டது. நான்கு வயதுப் பெண் குழந்தை. இருதயத்தில் ஓட்டை. காலி வரி போட்டால் அவளும் ஓரிடம் தள்ளிப்போவாள். இப்போது அழைக்கப்படும் இடத்தில் இருப்பவள் விட்டுப்போகும் இடத்துக்கு வந்துவிடுவாள். அவளுக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் அப்படியே தடம் மாறுவார்கள்.

பட்டனிலிருந்து விரலை எடுத்தான். ‘யாரோ எவரோ, எனக்கென்ன’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். சொன்னது அவனுக்கே கேவலமாக இருந்தது.

பிறகு எல்லாப் பெயருக்கும் பின்னால் என்டர் தட்டினால் என்ன என்று தோன்றியது. காகிதத்தில் போட்டுப் பார்த்தான். ஆள், காலி, ஆள், காலி. முதல் ஆளை அழைத்து எடுத்ததும் எல்லாம் நகரும். விட்டுப்போவது காலி வரியாக இருக்கும், அடுத்து நிற்பது ஆளாக இருக்கும். கடைசிவரை அப்படியே. ஒருவர்கூட விட்டுப்போக மாட்டார்கள். அவன் ஆயிரக்கணக்கில் என்டர் தட்டினான். விரல் நுனி மரத்துப்போனது. சேமித்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய் அக்காவிடம் பையை அடுக்கி வைக்கச் சொன்னான்.

மறுநாள் காலை தலைவர் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

மேடம் அங்கே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஜன்னலில் ‘மொத்தம் எத்தனை பேர்’ என்று கேட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை இரண்டு மடங்கு. யார் இந்தப் புதியவர்கள் என்று பார்த்தால் பெயர் இல்லை, வயது இல்லை, விலாசம் இல்லை. வேலை போனது என்று தற்காலிகம் முடிவு கட்டிக்கொண்டான். வேலை போகட்டும், அழைப்பு நடக்கும்வரை காலி வரிகளை மட்டும் விட்டு வைத்தால் போதும் என்று உள்ளுக்குள் கெஞ்சினான்.

தலைவர் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

“ஒரே நாள்ல பயனாளிகளை ரெண்டு மடங்கு ஆக்கியிருக்கே! இத்தனை வருஷத்துல யாருக்கும் தோணலையே. அது மட்டுமா, எப்படிப்பட்ட பயனாளிங்க! போன் பண்ணிக் கேக்க மாட்டாங்க. வாசல்ல வந்து அழ மாட்டாங்க. சொந்தக்காரங்க கிடையாது. ஆபரேஷன் தள்ளிப்போச்சுன்னு செத்துப்போய் நம்ம மானத்தை வாங்க மாட்டாங்க. இவங்களுக்காகத்தான் தம்பி இந்த வாரியத்தையே ஆரம்பிச்சிருக்கணும். தெரியாம மனுஷங்களை வச்சு ஆரம்பிச்சிட்டோம்.”

“ஐயா, அது வெறும் காலி வரி…”

“அடக்கம்! இதுல ஒரே ஒரு குறை. பேரு இருக்கறவன் முன்னால, பாவம், இவங்க பின்னால நிக்கறாங்க. நல்ல நடத்தைக்கு முன்னுரிமை கொடுக்க வேணாமா? ஒவ்வொரு ஜோடியிலயும் காலி வரி முன்னால வரட்டும். மேடம், குறிச்சுக்குங்க.”

தற்காலிகம் மனசுக்குள் போட்டுப் பார்த்தான். காலி, ஆள், காலி, ஆள். அப்படியானால் அழைக்கப்படுவது அத்தனையும் காலி வரி. விட்டுப்போவது அத்தனையும் மனிதர்கள். ஒருவர் விட்டு ஒருவர்கூட இல்லை.

“ஐயா, வேண்டாம் ஐயா! ஒருத்தர்கூட மிஞ்ச மாட்டாங்க. எங்க அக்கா செத்துடுவா. கால்ல விழறேன்.” விழுந்தே விட்டான்.

தலைவர் நெகிழ்ந்துபோனார். “எழுந்திரு, எழுந்திரு. நன்றியை இப்படியெல்லாம் காட்டக் கூடாது. உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிட்டேன். இனிமே உன்னை யாரும் தற்காலிகம்னு கூப்பிட மாட்டாங்க.”

அவன் தன் மேஜைக்கு ஓடினான். கோப்பின் உச்சியில் வந்துவிட்ட அந்த ஒரு காலி வரியை அழித்தால் போதும், எல்லாம் அவன் போட்டபடி ஆகிவிடும். கம்ப்யூட்டர் அவனை உள்ளே விடவில்லை. மேடம் பின்னாலேயே வந்து விளக்கினார். கோப்பில் கை வைப்பது தற்காலிக ஊழியர்களின் வேலை. நிரந்தர ஊழியர்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. “இனிமே நீ நிம்மதியா இருக்கலாம் தம்பி,” என்றார், உண்மையான சந்தோஷத்துடன்.

அழைப்பு நாள் வந்தது. மாமா போனை மேஜை நடுவில் வைத்தார். மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். போன் அடிக்கவில்லை. கடிதம் வந்தது. மூன்று தடவை அழைத்தும் வராத காரணத்தால் பெயர் நீக்கப்பட்டது என்றும், நோயாளியின் உடல்நலத்துக்கு வாரியத்தின் வாழ்த்துகள் என்றும் எழுதியிருந்தது.

மாமா கடிதத்தை மடித்து வைத்தார். “கிளம்பு. அவங்களும் வேணாம், அவங்க கூப்பிடவும் வேணாம்,” என்றார். அக்காவை நாற்காலியோடு தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் ஜன்னலில் முகத்தை வைத்துக் காற்றை இழுத்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் நிற்க இடமில்லை. நாடு பூராவும் வராதவர்கள் என்று எழுதப்பட்டவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். தரையில், படியில், சுவரோரமாக. நான்கு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை உதடு நீலம் பாரித்து அம்மா மடியில் கிடந்தது. கோப்பில் பார்த்த குழந்தை அதுதானா என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வார்டு. வெள்ளை விரிப்பு போட்ட கட்டில்கள் வரிசையாக, சுருக்கமில்லாமல், அத்தனையும் காலி. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு அட்டை. நர்ஸ் ஒருத்தி வாசலில் தாள்கட்டுடன் நின்றாள். தூங்கிப் பல நாள் ஆன முகம்.

“சிஸ்டர், கட்டில் எல்லாம் காலியாத்தானே இருக்கு?”

“காலி இல்ல. எல்லாம் ஒதுக்கியாச்சு. வாரியத்துலேருந்து வந்தது.” தாளைத் திருப்பிக் காட்டினாள். பெயர் என்ற இடம் வெறுமை. வயது வெறுமை. நோய் வெறுமை. “வந்திருக்கற ஆள் இந்தத் தாளோட பொருந்தினாத்தான் படுக்க வைக்கணும். பொருந்தாம படுக்க வச்சா என் வேலை போயிடும். காலையிலேருந்து எத்தனை பேரைத் திருப்பி அனுப்பிட்டேன் தெரியுமா? எல்லாருக்கும் பேரு இருக்கு சார். நான் என்ன பண்ணுவேன்? உள்ள டாக்டர் கையைக் கழுவிட்டு சும்மா உக்காந்திருக்காரு.”

அவன் அந்தத் தாளைப் பார்த்தபடி நின்றான். அதிலிருந்த வெற்றிடத்தை என்டர் தட்டி உண்டாக்கியவன் அவன்தான்.

“சிஸ்டர், இவங்களைச் சேர்த்துக்குங்க.”

நர்ஸ் பேனாவை எடுத்தாள். “பேர் என்ன?”

அக்கா வாயைத் திறந்தாள். அவன் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். மாமாவும் புரிந்துகொண்டு தரையைப் பார்த்தார். ஒருவரும் பேசவில்லை.

நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். தாளைப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் தளும்பியது.

“வயசு?”

பதில் இல்லை.

“என்ன நோய்?”

அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அதற்கு எழுத்தில் பெயர் இல்லை.

“பொருந்துது,” என்றாள் நர்ஸ். கதவைத் திறந்தாள்.

கட்டிலில் படுக்க வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “டேய், உள்ள எனக்கு ஏதாவது ஆயிட்டா, வெளிய வந்து யார் பேரைச் சொல்லி உங்களைக் கூப்பிடுவாங்க?”

“ஒண்ணும் ஆகாதுக்கா. நான் கதவுகிட்டயே நிக்கறேன்,” என்றான். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

வெளியே வந்து முதலில் அந்தக் குழந்தையின் அம்மாவிடம் குனிந்தான். “உள்ள போங்கம்மா. எது கேட்டாலும் வாயைத் திறக்காதீங்க. பேரை மட்டும் சொல்லிடாதீங்க.” அவள் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள். அவர் அடுத்தவரிடம் சொன்னார். நடைபாதை முழுக்கச் சத்தம் அடங்கிக்கொண்டே போனது. ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டு எழுந்து கதவை நோக்கி நடந்தார்கள். சாயங்காலத்துக்குள் கட்டில்கள் நிறைந்துவிட்டன. உள்ளே போனவர்களின் புருஷன், பெண்டாட்டி, அண்ணன், தங்கை எல்லாரும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாருடனும் பேசவில்லை.

நெடுநேரம் கழித்து ஆபரேஷன் அறைக் கதவு திறந்தது. டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். கையில் ஒரு தாள். நல்லதா கெட்டதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. யாரையோ கூப்பிட வாயெடுத்தவர், தாளைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

தற்காலிகம் எழுந்தான். மாமா எழுந்தார். நடைபாதையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.